காலியாக விடக்கூடாத இடம்

கோடைக்கு இரண்டு மாசம் மட்டும் வீடு வேண்டும் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருத்தர் குணமும் வெட்ட வெளிச்சமாகிவிடும். பிரேக்கம்மா கேட்டுப் பார்த்தாள். பதினோரு பேரிடம் பேசினாள். ஒருத்தர், வருஷக் கணக்கில் எடுத்தால் பேசு, இல்லையென்றால் போனை வை என்றார். இன்னொருத்தர் வீடு தருகிறேன், காரைத் தெருவில் நிறுத்திக்கொள், கண்ணாடி உடைந்தால் என்னைக் கேட்காதே என்றார். மற்றொரு வீட்டில் கார் நிறுத்தும் இடம் மைதானம் மாதிரி இருந்தது, ஆனால் ரயில் ஸ்டேஷனுக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். எல்லாம் பொருந்தி வந்த ஒரே வீட்டுக்காரி சொன்ன வாடகையைக் கேட்டு, "நான் வீட்டை விலைக்குக் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டு பிரேக்கம்மா போனை வைத்துவிட்டாள்.

பிரேக்கம்மா என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் வைத்த பெயர். நேரில் டீச்சர், முதுகுக்குப் பின்னால் பிரேக்கம்மா. பத்தொன்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்கிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே ஒரு நாய் ஓடிவந்தால் கற்கிறவர் கத்துவதற்குள் இவள் கால் இறங்கியிருக்கும். பழக்கம் பொல்லாதது. பஸ்ஸில் போனாலும், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும், அவள் வலது கால் தரையை ஒரு அமுக்கு அமுக்கும். வாயும் அப்படித்தான். யார் வண்டியில் ஏறினாலும் "கண்ணாடியைப் பாரு" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது.

வீடு அவளுக்கு வேண்டியிருந்தது தங்கச்சிக்காக. தங்கச்சி ஐந்து வயசு இளையவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு பேருக்கும் ஒருத்தரை விட்டால் வேறு ஆள் இல்லை. மார்ச்சில் தங்கச்சி கழுத்தில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காமலிருக்க முப்பது நாள் கதிர் சிகிச்சை என்றார் டாக்டர். "சனி ஞாயிறு தவிர தினமும் வரணும். நடுவுல விட்டீங்கன்னா பண்ணதெல்லாம் வீணாப் போயிடும்மா. அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரி பெரிய நகரத்தின் நடுவில். அங்கே தங்கினால் சொத்தை எழுதி வைக்கவேண்டும். அந்த நெரிசலில் காரில் போனால் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். ரயிலில் போனால் இருபத்தைந்து நிமிஷம். ஆகவே ஸ்டேஷன் பக்கத்தில் வீடு. கார் எதற்கு என்றால், பிழைப்பு. டிரைவிங் ஸ்கூலின் புறநகர்க் கிளையில் கோடை விடுமுறைக்குக் கூட்டம் அலைமோதும் என்று இவளைக் கேட்டு வாங்கி அங்கே போட்டிருந்தார் முதலாளி. அவர் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். "கார் ஸ்கூலோடது. அது தெருவுல நின்னுச்சுன்னா நீயும் தெருவுலதான் நிப்ப" என்று அன்போடு சொல்லி அனுப்பியிருந்தார்.

பன்னிரண்டாவது வீடு ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் இருந்தது, கையால் எழுதின காகிதமாக. கோடைக்கு மட்டும். இரண்டு அறை. கார் நிறுத்த மேற்கூரையோடு இடம். ஸ்டேஷன் மூன்று நிமிஷ நடை. கார் இல்லாதவர்கள் கூப்பிட வேண்டாம்.

கூப்பிட்டாள். வயசான குரல், மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது. வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காரைப் பற்றியே கேட்டது.

"டிரைவிங் ஸ்கூல் காருங்க. ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கும், வேற ஒண்ணும் வித்தியாசம் கிடையாது" என்றாள்.

அந்தக் குரல் காரை விட்டுவிட்டு இப்போது அவளைப் பற்றிக் கேட்டது.

"அப்போ நீங்க கத்துக்குடுக்கிறவங்களா?"

"ஆமாங்க. பத்தொம்பது வருஷமா."

வீட்டுக்காரர் வாடகை சொன்னார். மற்றவர்கள் கேட்டதில் பாதிகூட வராது. இதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவளுக்கும் வந்தது. ஆனால் திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பம், அன்று வெள்ளி. சந்தேகத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம். காலையில ஏழு மணி வரைக்கும் அந்த இடத்தைக் காலியா விடாதீங்க. கார் அங்க நிக்கணும். அப்புறம் எங்க வேணா எடுத்துட்டுப் போங்க."

"ஏன், வேற யாராவது வந்து நிறுத்திடுவாங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்" என்றார் வீட்டுக்காரர்.

வீடு ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டில் ஏறும்போதே இஸ்திரி வாடையும் சோப்பு வாடையும் கூடவே வரும். இரண்டு அறை, சுத்தமாகத்தான் இருந்தன. சமையலறையில் மேஜை, அதற்கு இரண்டே நாற்காலி. ஜன்னலில் நின்றால் சற்றுத் தள்ளிக் கீழே, உட்பக்கம் தெரியும்படி கார் நிறுத்தும் இடம். இரண்டு சுவருக்கு நடுவே, தகரக் கூரை போட்டு, முன்னால் ஒரு இரும்புக் கேட். ரயில் பாதை பின்பக்கம். வண்டி போனால் டம்ளர்கள் ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொள்ளும். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் தங்கச்சி. அந்தக் கோடையில் அவள் எதைப் பார்த்தாலும் இதைத்தான் சொன்னாள். கேட்கும்போதெல்லாம் அக்கா வேறு பேச்செடுத்தாள்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. காலையில் அவள் காரில் ஏறினால் டிரைவர் சீட் பின்னால் தள்ளிப் போயிருந்தது. பிரேக்கம்மா குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் கால் எட்டும். இதில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடியது. உள்கண்ணாடியும் மேலே திரும்பியிருந்தது, அவளைவிட ஒரு ஜாண் உயரமான ஆளுக்குச் சரியாக.

"நீ கார்ல உக்காந்தியாடி?" என்று தங்கச்சியைக் கேட்டாள்.

"நானா? படியிறங்கவே எனக்குத் தெம்பில்ல, நீ வேற."

அதுவும் நியாயம்தான். மேலும் தங்கச்சி இவளைவிடவும் குள்ளம். பிரேக்கம்மா ஹாரனைச் சந்தேகித்தாள், மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு யாருக்கோ வண்டியைக் கொடுக்கிறானோ என்று. ஓடின தூரத்தைக் குறித்து வைத்துப் பார்த்தாள். ஒரு அடிகூடக் கூடவில்லை. வண்டி நின்ற இடத்தில் நின்றது. சீட் மட்டும் தினமும் பின்னால் போனது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, இதற்கு ஒரு முடிவு கட்டியாகவேண்டும் என்று காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், அவள் உட்கார்ந்தது பக்கத்து சீட்டில். நல்ல வெயில் வந்துவிட்டிருந்தது. கீழே சலவைக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஆறேகாலுக்கு டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து, மூடியது. யாரும் ஏறவில்லை. ஆனால் சீட்டின் மெத்தை அழுந்தியது. நெம்புகோல் கிளிக் என்றது, சீட் சரசரவென்று பின்னால் போனது. உள்கண்ணாடி மெல்ல மேலே திரும்பியது. ஸ்டீயரிங்கின் தோலுறையில் இரண்டு பக்கமும் விரல் பதிகிறாற்போல் பள்ளம் விழுந்தது. அப்புறம் எல்லாம் அசையாமல் இருந்தது. யாரோ உட்கார்ந்து, முன்னால் இருக்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கும் எனக்கும் என்றால் அந்த நொடியில் அலறிக்கொண்டு ஓடியிருப்போம். பிரேக்கம்மா காப்பியை மடியில் கொட்டிக்கொண்டு, சுட்டதுகூடத் தெரியாமல் இருந்தாள். ஆனால் பத்தொன்பது வருஷத்து வாய் இருக்கிறதே, அது அவளைக் கேட்கவில்லை.

"முதல்ல பெல்ட்டு" என்றது.

பெல்ட் கதவோரமிருந்து மெதுவாக வந்தது. இருமுறை தட்டுத் தடுமாறி, கொக்கியில் மாட்டிக்கொண்டது.

அப்புறம்தான் அவள் ஓடினாள். படி ஏறி, கதவைத் தாழ்போட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு வந்து, "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள். இவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "காப்பி கொட்டிடுச்சு" என்றாள்.

அன்று மத்தியானம் பாடத்துக்கு நடுவே ஏழு இடத்துக்குப் போன் போட்டாள். எங்கும் வீடில்லை. கோடை பாதி வந்தாகிவிட்டது, இருந்தவை எல்லாம் போய்விட்டன. ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொன்று தேடுவதற்குள் தங்கச்சிக்கு நாலு நாள் சிகிச்சை போய்விடும். பேய்க்குப் பயந்து அவளைச் சாகவிட முடியுமா? போனை மூடி வைத்துவிட்டு, அடுத்த பையனுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

மறுநாள் காலை அவள் ஜன்னலிலேயே நின்று பார்த்தாள். கதவு திறந்தது, மூடியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டின் கதவு தானாகத் திறந்தது. திறந்தபடியே இருந்தது. ஏழு மணிக்குத்தான் மூடியது. அதற்கு மறுநாளும் அதே. திங்கட்கிழமை அவள் இறங்கிப் போனாள்.

ஏன் போனாள் என்று அவளைக் கேட்டால் பல காரணம் சொல்வாள். சாவி என் பையில்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்பாள். கற்றுக்கொடுத்துவிட்டால் போய்த் தொலையும் என்று நினைத்தேன் என்பாள். நிஜமான காரணம், மேலே தங்கச்சி நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனாள். காலையில் எழுந்தால் அந்த வீட்டில் பேச ஆள் இல்லை. கீழே ஒருத்தர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அது மாதிரி ஒரு மாணவர் அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஒன்றைச் சொன்னால் அடுத்த நாள் மறக்காது. கண்ணாடி, பெல்ட், கிளட்ச், கியர், சிக்னல், ஹேண்ட் பிரேக். எஞ்சின் போடாமலே எல்லாம் நடந்தது. "கிளட்ச்சை மெதுவா விடுங்க, யாரும் துரத்தல" என்பாள். மிதி மெதுவாக எழும். "அய்யோ, தோளைத் திருப்பிப் பாருங்க, கண்ணாடி மட்டும் போதாது" என்பாள். சீட் முனகும். நல்லா செய்தால் "பலே" என்பாள். அப்போது ஸ்டீயரிங் சில்லென்று ஆகும், கதவுக் கைப்பிடி வரைக்கும். அது சந்தோஷம்தான் என்று பிரேக்கம்மா தானாகவே முடிவு செய்துகொண்டாள்.

ஒரு நாள் சலவைக் கடைக்காரர் துணியை மடித்துக்கொண்டே, "நீங்க போய் உக்காந்துக்கிறீங்கல்ல காலையில" என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம? முப்பது வருஷமா இங்கதானே இருக்கேன். வீட்டுக்காரரோட சம்சாரம். நல்ல உயரமா இருப்பாங்க. அவர் ஏழு மணிக்குக் காரை எடுத்துட்டுப் போவார். அதுக்கு முன்னாடி இவங்க வந்து ஸ்டீயரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க, தினமும். கத்துக்குடுங்கன்னு கேட்டுக் கேட்டுப் பார்த்தாங்க. ஸ்டேஷன் மூணு நிமிஷம், உனக்கு எதுக்குக் காருன்னுட்டார் மனுஷன்."

"எங்க போகணும்னு இருந்தாங்களாம்?"

"எங்கயும் இல்லீங்க. இங்கேருந்து போகணும், அவ்வளவுதான். ஒருநாள் அவர் ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தார். அவங்க எழுந்திரிக்கல." அவர் சட்டையின் கழுத்துப் பட்டையை நீவிவிட்டார். "அப்புறம் காரை வித்துட்டார். இடம் காலியா இருந்துச்சு. ஒரு வாரந்தான் தாங்கினார். காலையில எழுந்தா சமையக்கட்டு நாற்காலி ரெண்டும் வாசலைப் பார்த்துப் பக்கத்துல பக்கத்துல கிடக்குமாம். ரெண்டாவது நாற்காலி தனக்குன்னு அவருக்குத் தோணியிருக்கு. அன்னைக்கு வீட்டை விட்டுப் போனவர்தான்."

பிரேக்கம்மாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. மூன்று நிமிஷமாம், எதற்குக் காராம்! அந்த ஆளை அவளிடம் ஒரு வாரம் பாடத்துக்கு அனுப்பினால் தெரியும். அன்றிலிருந்து இன்னும் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தாள். மேட்டில் நிறுத்தி எடுப்பது, மற்ற வண்டிக்கு வழிவிடுவது, கேட்டைத் தாண்டும்போது நடைபாதையைப் பார்ப்பது. கடைசியாக வண்டியை நகர்த்தி வெளியே எடுப்பதையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வாயாலேயே சொல்லி முடித்தாள். இனி சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின்தான் பாக்கி.

இந்த மும்முரத்தில் மேலே நடந்ததை அவள் கவனிக்கவில்லை. ஊரில் எவனெவனோ ஓட்டும் வண்டியின் பிரேக்கையெல்லாம் தன் காலடியில் வைத்திருந்தவள், கூடப் பிறந்தவளைக் கோட்டைவிட்டாள்.

இருபத்து நாலாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். "உங்க தங்கச்சி நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. உடம்பு எப்படி இருக்கு?"

தங்கச்சி மேஜையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்துத் தோல் கறுத்து, விழுங்கும்போது முகம் சுருங்கியது. இரண்டு நாளும் ஏழே காலுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தாள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பியிருக்கிறாள்.

"இன்னும் ஆறே நாள்டி! எட்டாப் போச்சு இப்ப! டாக்டர் என்ன சொன்னார், காதுல வாங்கினியா இல்லையா?" அக்கா கத்தினாள்.

"நாள் எண்றது நீ. படுக்கிறது நான்." தங்கச்சி குரல் உயரவில்லை. "முகத்துக்கு அச்செடுத்து ஒரு வலை வெச்சிருக்காங்கக்கா. அதைப் போட்டு மேஜையோட சேர்த்துப் பூட்டிடுவாங்க. எல்லாரும் வெளிய போயிடுவாங்க. முதல் வாரம் செத்துடுவேன்னு பயமா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. ஒண்ணுமே தோணல. போதும்க்கா."

"எனக்காக வாடி."

"உனக்காகத்தான் இருபத்திரெண்டு நாள் போனேன்."

அக்கா பக்கத்தில் போய்த் தலையைத் தடவினாள். தங்கச்சி விலகவில்லை, சாயவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "கீழே வர்றவங்க நல்லவங்கக்கா" என்றாள்.

பிரேக்கம்மா தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சனி ஞாயிறு நீ தூங்கறப்போ நான்தானே போய் உக்காருறேன். அவங்க ஒண்ணும் கேக்கறதில்ல. தைரியமா இரு, சாப்பிட்டியா, ஒண்ணும் கிடையாது. எவ்வளவு நிம்மதி தெரியுமா? உன் சீட்ல உக்காந்துப்பேன். தனியாப் போகத்தான் அவங்களுக்குத் தயக்கம். புதுசா ஓட்டுறவங்க பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்னு நீதானே சொல்லுவ."

நாளைக்கு உன்னை நானே ரயிலில் கொண்டுபோய் விடுகிறேன், ஹாரன் வேலையை விட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும் என்று சொல்லி, அவளைப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள் அக்கா. அழுததில் அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது வெயில் ஜன்னலுக்குள் வந்திருந்தது. பக்கத்தில் படுக்கை காலி. ஆணியில் மாட்டியிருந்த கைப்பை திறந்து கிடந்தது. உள்ளே சாவி இல்லை.

கீழே எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினாள். இரும்புக் கேட் அகலத் திறந்திருந்தது. கார் தகரக் கூரைக்குக் கீழே உறுமிக்கொண்டு நின்றது. முன்கண்ணாடி வழியே தங்கச்சி தெரிந்தாள், பெல்ட் மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சிக்னல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி, ஒன்றுகூடத் தப்பாமல்.

படியில் அவள் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் கீழே வந்தபோது கார் நகரத் தொடங்கியிருந்தது. குலுங்கவில்லை, திணறவில்லை. அவ்வளவு அழகாக யாரும் முதல்தடவை கிளட்ச்சை விட்டதில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "பிரேக்! பிரேக்கைப் போடுங்க!"

ஸ்டீயரிங் ஒரு கணம் தயங்கிற்று. உள்கண்ணாடி திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு மறுபடி நேராகிவிட்டது. பாடம் முடிந்துவிட்டது, இனி டீச்சர் சொல்வதைக் கேட்கவேண்டியதில்லை. கார் கேட்டைத் தாண்டியது.

பிரேக்கம்மா பக்கவாட்டில் ஓடி, தங்கச்சி பக்கத்துக் கண்ணாடியைக் கையால் அடித்தாள். கதவு திறக்கவில்லை. தங்கச்சி திரும்பி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. ரயில் ஜன்னலிலிருந்து பிளாட்பாரத்து ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"உன் காலுக்குக் கீழ இருக்குடி!" அக்கா ஓடிக்கொண்டே அலறினாள். "என்னால முடியாது! வெளியேருந்து எதுவும் பண்ண முடியாது! நீதான் அமுக்கணும்! எனக்காக வேணாம்! எனக்காக ஒண்ணும் பண்ணாத! உனக்கு வேணும்னா அமுக்கு!"

செருப்பில்லாத கால் தடுக்கி, நடைபாதையில் முழங்கால் பட விழுந்தாள். கார் அவளைத் தாண்டி தெருவில் இறங்கியது.

அப்போது டயர் கிறீச்சிட்டது. வண்டி ஒரு எம்பு எம்பி, எஞ்சின் செத்து, தெருவில் பாதியும் நடைபாதையில் பாதியுமாக நின்றது.

கதவைத் திறந்தபோது தங்கச்சி இரண்டு காலையும் பிரேக்கின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டு, சீட்டிலிருந்து எழும்பி நின்றிருந்தாள். பல் கிட்டித்திருந்தது. அக்கா பெல்ட்டை அவிழ்த்து, குழந்தையைத் தூக்குவதுபோல் அவளை வெளியே இழுத்தாள். உள்கண்ணாடி மெதுவாகத் திரும்பியது, காலியாகிவிட்ட பக்கத்து சீட்டின் பக்கமாக. சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கையை உள்ளே விட பிரேக்கம்மாவுக்கு மனசு வரவில்லை. சலவைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றிருந்தார். இவர்கள் இருவரும் அவரைத் தாண்டி ஸ்டேஷனுக்கு ஓடினார்கள், ஒருத்தி வெறுங்காலோடு, ஒருத்தி வீட்டுச் சட்டையோடு.

வந்த முதல் ரயிலில் ஏறினார்கள். உட்கார இடம் இருந்தது. தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் உள்ளங்கையில் பதிந்தது. வீட்டின் பின்பக்கத்தை ரயில் தாண்டும்போது பிரேக்கம்மா எட்டிப் பார்த்தாள். தகரக் கூரைக்குக் கீழே யாரும் இல்லை. தெருவிலும் கார் இல்லை.

"போயிட்டாங்களா?" என்றாள் தங்கச்சி.

"போயிட்டாங்க போல."

"ஒழுங்கா ஓட்டுவாங்களாக்கா?"

"நான் கத்துக்குடுத்தவங்கடி அவங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

இரண்டு ஸ்டேஷன் தாண்டி ரயில் வேகம் குறைந்தது. ரயில்வே கேட் வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வண்டிகள் காத்து நின்றன. முதலில் நின்றது ஸ்கூல் கார். வெள்ளைக் கோட்டுக்குச் சரியாகப் பின்னால், ஹேண்ட் பிரேக் போட்டு, அமைதியாக. டிரைவர் சீட்டில் யாருமில்லை. ரயில் ஊர்ந்து அதற்கு நேராக வந்தபோது, காரின் பக்கத்து சீட்டுக் கதவு திறந்தது. திறந்தபடியே இருந்தது.

பிரேக்கம்மா தங்கச்சியின் கண்ணை மூடக் கையைத் தூக்கினாள். தங்கச்சி அந்தக் கையை இறக்கிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியோடு முகத்தை வைத்து அந்தக் காரையே பார்த்தாள். பெரியவர்களிடம் பேசும் மரியாதைக் குரலில், பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படிச் சத்தமாகவே சொன்னாள்.

"நான் வரலீங்க. எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

ரயில் வேகம் பிடித்தது. காரின் கதவு மூடியதா என்று இருவரும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து நர்ஸுக்குப் போட்டு, இன்னும் இருபது நிமிஷத்தில் வந்துவிடுவோம், மேஜையைத் தயாராக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் தங்கச்சி.